முதுமையும் மூளையின் இணைப்பு இழைகளும்

அகவை முதிர்ந்தோர், நன்கறிந்த ஒருவரின் பெயரை நாவின் நுனியில் வைத்துக்கொண்டு தடுமாறுவதை நாம் காண்கிறோம். சிறிது நேரம் கழித்து அப்பெயர் தானே வந்து நிற்கிறது. எனவே குறை சேமிப்பில் அன்று. சேமித்ததை எடுத்துவரும் வழியிலேயே எனலாம்.

ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மேற்புறத்துச் சாம்பல்நிறப் பகுதியில் அணுக்களின் உடல்களும், உள்ளே வெண்ணிறப் பகுதியில் அவற்றை இணைக்கும் நீண்ட இழைகளும் அமைந்துள்ளன. அவ்வெண்மை, இழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையால் வருவது. உறையற்ற இழையில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும். உறையுள்ள தடித்த இழையிலோ நூறு மீட்டர் வரை விரையும்.

முதுமை என்றாலே அணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிவது என்று ஒருகாலத்தில் கருதினர். நோயற்ற முதுமையில் அவ்விழப்பு குறைவே. இணைப்புகளும் உறையும் நலிவதே பெரிது என இன்று அறிகிறோம். திட்டமிடுதலுக்குரிய நெற்றிப்புற மடலின் இழைகள் இருபது வயதிற்குப் பின்னரே முழுமையாக உறை பெறுகின்றன. முதுமையில் முன்னதாகத் தளர்வனவும் பெரும்பாலும் அவையே. இறுதியில் கட்டிய மாடம் முதலில் ஒழுகுவது போலும்! ஆயினும் சொல்வளம் அறுபதைக் கடந்தும் குன்றுவதில்லை. முதியோர் தாமதித்து விடை கூறுவதை அறியாமை என எண்ணும் இளையோர் இதனை நினைவிற்கொள்வாராக.

பயிற்சியால் மூளையின் அமைப்பே மாறுமோ? இலண்டன் வாடகைக் கார் ஓட்டுநர்கள் உரிமம் பெறச் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். இடநினைவிற்குரிய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பின்பாகம் அவர்களிடம் பருத்திருப்பதை எலினார் மகுவயர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் கண்டனர். பிறவியிலேயே அவ்வாறு அமைந்தோர்தாம் ஓட்டுநராயினரோ என்ற ஐயம் இயல்பானதே. 2011இல் வெளியான தொடராய்வு அதனை நீக்கியது: பயிலத் தொடங்கியபோது வேறுபாடில்லை, தேர்ச்சி பெற்றோரிடம் மட்டுமே அப்பகுதி வளர்ந்தது.

வெண்ணிறப் பகுதிக்குப் பகையாவது இரத்தக் கொதிப்பு. நுண்ணிய குழாய்கள் பழுதுற, அவை ஊட்டும் இழைகளும் பழுதுறுகின்றன. அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தினால் அப்பழுது பரவுவது குறைகிறது என்பதை 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

பெயர் தாமதித்து வருவது வேறு; நெடுநாள் வாழ்ந்த தெருவிலேயே வழி தவறுவது வேறு. பின்னது அல்சைமர் நோயின் அறிகுறியாகலாம். அந்நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று, மேலே கண்ட அந்த ஹிப்போகேம்பஸ். அதனை வயதின் இயல்பென்று வீட்டார் ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.