பிறவி அணியும் பின்வந்த அணியும்

பழைய பொருள்களைப் போற்றுவோர் உலகெங்கும் உளர். பழங்காசும் தபால் தலையும் சேர்ப்போரைப் போலவே, அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பழைய 'பிக்கப்' லொறிகளைத் தேடி வாங்கிப் புதுக்குவோர் பலர். ஒரு காலத்தில் கமக்காரனின் வைக்கோலையும் தச்சனின் பலகையையும் சுமந்து திரிந்த இவ்வண்டிகள், இன்று நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. விலை உயருமிடத்து வினாவும் எழுவது இயல்பே. வண்டியிற் காணப்படும் வானொலி, குளிரூட்டி, பளபளக்கும் பம்பர் ஆகியவை தொழிற்சாலையிலிருந்து உடன் வந்தவையா? அன்றிப் பின்னர் எவரேனும் பூட்டியவையா? இதனை ஆராயாது பணம் கொடுப்பவர், முலாம் பூசிய நகையைப் பொன்னென நம்பி வாங்குபவரை ஒப்பர்.

மூவகைப் பொருள்கள்

இப்பொருள்களை நாம் மூவகையாகப் பிரிக்கலாம். வாங்குபவர் தனி விலை கொடுத்துக் கேட்க, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை முதல் வகை. வண்டியை உண்டாக்கிய கம்பனியின் பொருளாயினும், விற்பனை முகவரின் பட்டறையிலே பூட்டப்பட்டவை இரண்டாம் வகை. வேறு கம்பனிகள் செய்து கடைகளில் விற்றவை மூன்றாம் வகை. இவற்றுள் மயக்கந் தருவது நடுவிலுள்ள வகையே. அதன் மேல் கம்பனியின் பெயரும் இலக்கமும் இருக்கும்; ஆயினும் தொழிற்சாலைப் பதிவிலே அது இடம்பெறாது.

இன்று யாவரும் சாதாரணமாகக் கருதும் பொருள்கள் பல அந்நாளில் தனி விலைக்குரியவை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 1947 முதல் 1955 வரை விற்பனையான செவ்ரோலே லொறிகளிலே இடப்புறப் பின்விளக்கு ஒன்றே பொதுவாக அமைந்திருந்தது. வலப்புற விளக்குக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டும். 1967 முதல் 1972 வரையான செவ்ரோலே பிக்கப்புகளிலே பின்புறப் பம்பர் கூட அத்தகையதே. ஆதலால் பம்பர் இல்லாத வண்டியைக் குறையுடையதென்றும், உள்ளதை முழுமையானதென்றும் கொள்வது தவறாகும்.

சீட்டும் தகடும்

மேற்கூறிய 1967-72 காலத்து வண்டிகளை ஆராய்வோருக்குப் பெருந்துணையாய் அமைவது ஒரு சிறு காகிதச் சீட்டு. 1960களின் பிற்பகுதி முதல் டாஷ்போட்டிலுள்ள சிறு பெட்டிக் கதவின் உட்புறத்திலே இது ஒட்டப்பட்டது. தொழிற்சாலையிற் பொருத்திய பொருள்களின் குறியீடுகள் இதிற் பொறிக்கப்பட்டிருக்கும். 'சி 60' என்றால் குளிரூட்டி. 'என் 40' என்றால் பவர் ஸ்டியரிங். 'யூ 63' என்றால் வானொலி.

ஓட்டுநர் கதவுத் தூணிலே உள்ள இலக்கத் தகடு மற்றொரு சான்று. அது 'சி ஈ 140 இசட்' எனத் தொடங்குகிறதென வைத்துக் கொள்வோம். 'சி' என்பது இரு சக்கரங்களால் இயங்கும் வண்டியைக் குறிக்கும். நான்கு சக்கரங்களாலும் இயங்குவதாயின் 'கே' என்றிருக்கும். 'ஈ' என்பது எட்டுச் சிலிண்டர் எஞ்சின். ஆறு சிலிண்டராயின் 'எஸ்'. அடுத்து வரும் 1 அரை டன் வகையையும், 4 உடலமைப்பையும், 0 என்பது 1970ஆம் ஆண்டையும், 'இசட்' என்பது பிறீமொன்ற் தொழிற்சாலையையும் குறிக்கும். தகட்டில் 'எஸ்' என்றிருக்க, உள்ளே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் முழங்குமாயின் அவ்வெஞ்சின் பின்னர் வந்ததென அறியலாம்.

ஆனால் சீட்டை மட்டும் நம்புதல் தகாது. பழுதடைந்த சீட்டுக்குப் பதிலாகப் புதிய சீட்டு அச்சிட்டு விற்போரும் உளர். நல்லெண்ணத்தோடு செய்த படி கூட, தீயோர் கையிற் பொய்ச்சான்றாகலாம். சீட்டிலுள்ள வண்டியிலக்கம் தகட்டிலுள்ளதோடு ஒத்திருக்கிறதா என முதலிற் பார்த்தல் வேண்டும்.

துளையும் கம்பியும்

காகிதம் பொய் சொல்லினும் இரும்பு எளிதிற் பொய் சொல்லாது. தொழிற்சாலையிலே துளைகள் அச்சினால் வெட்டப்பட்டு, அதன் பின்னரே வர்ணம் பூசப்படும். ஆகவே துளையின் விளிம்பிலும் வர்ணம் படிந்திருக்கும். பின்னர் துளைத்தவிடத்திலோ விளிம்பு கரடுமுரடாயிருக்கும். வர்ணம் உடைந்து துருவும் ஏறியிருக்கும். தொழிற்சாலைக் கம்பிகள் ஒரே கட்டாகச் சுற்றப்பட்டு, உரிய இணைப்பிகளிற் சென்று சேரும். நடுவிலே வெட்டி நாடா சுற்றிய கம்பி பிற்காலக் கைவேலையைக் காட்டும்.

குளிரூட்டி இதற்கு நல்ல உதாரணம். தொழிற்சாலையிற் பொருத்தியதாயின் காற்றுவாய்கள் டாஷ்போட்டிலேயே அமைந்திருக்கும். எஞ்சினுக்கும் ஆசன அறைக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரில், எஞ்சின் பக்கமாக, பெரியதொரு பெட்டி காணப்படும். டாஷ்போட்டின் கீழே தொங்கும் தனிப்பெட்டி பின்னர் பூட்டப்பட்டதாகும்.

ஆண்டும் சான்று கூறும். 1968ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் மட்காட்டின் பக்கத்திலே சிறு விளக்குகள் வந்தன. 1967ஆம் ஆண்டு வண்டியில் அவை காணப்படின் மட்காட் மாற்றப்பட்டிருக்கலாம். 1947-55 காலத்து வண்டிகளிற் சீட்டுத் துணை இல்லாமையால் இரும்பையே கேட்க வேண்டும். ஆசன அறையின் பின்மூலைகளிலுள்ள வளைந்த கண்ணாடிகள் அக்காலத்தில் தனி விலைக்குரியவை. அவற்றைப் பின்னர் பொருத்துவதாயின் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிய தழும்பை உட்புறத்திலே தடவிக் காணலாம். அவ்வண்டிகள் 6 வோல்ற் மின்சாரத்தில் இயங்கியவை. ஆதலால் 12 வோல்ற் வானொலி உடன் வந்ததாகாது.

எதனைக் களைவது?

பின்வந்தவை யாவும் களையத்தக்கவை எனக் கருதுவோர் உளர். அஃது அவசரமான முடிவு. முதற் சொந்தக்காரர் பூட்டிய பின்பம்பரும், முகவர் பொருத்திய விளக்கும் அவ்வண்டி உழைத்த வாழ்வின் அடையாளங்களேயாம். அவற்றைப் பிடுங்கியெறிந்தால் மீண்டும் பெறுதல் அரிது. குற்றம் பொருளில் இல்லை. பின்வந்ததைப் பிறவியிலேயே வந்ததெனக் கூறி விலையேற்றுவதிலேயே உள்ளது. ஆகவே விற்பவர் ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயரால் எழுதிக் கொடுப்பது கடமை. வாங்குபவர் சீட்டு, தகடு, துளை, கம்பி ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா எனப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறப்பது அறிவுடைமை.