திஸ்கிப் பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்றுதல்: மெய்நிகர் கணினியின் பயன்பாடு

முன்னுரை

காவிரிப் படுகையின் வேளாண் வழக்குகளை ஆராய்வோர் குறுவை, தாளடி, பொலி முதலிய சொற்களின் பயில்விடங்களைக் கணினி வழித் தேடித் தொகுக்கின்றனர். ஆனால் 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் உட்படப் பழைய பனுவல்கள் பல திஸ்கி குறியேற்றத்தில் வெளிவந்தவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் முறையையும், அம்மாற்றத்தைப் பிறர் சரிபார்க்க மெய்நிகர் கணினி உதவும் வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறியேற்றச் சிக்கல்

திஸ்கி, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிக்கும் எட்டு பிட் குறியேற்றமாகும். 'பொலி' என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு முதலிலும், பகரம் அடுத்தும், கால் அதன் பின்னும் இடம்பெறும். ஒருங்குறியிலோ பகரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் அமையும். அவ்வொகரக் குறியையும் ஒரே குறியாகவோ, கொம்பு, கால் என இரு குறிகளாகவோ எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எனினும் தேடுகருவி இவற்றை இயல்பாக்கம் செய்யாவிடின் ஒருவகையைத் தேட மற்றொரு வகை அகப்படாது. அவ்வழிப் பெறும் சொல் எண்ணிக்கை பிழையாகும்.

கருவியும் நிறுவலும்

லினக்சு இயங்குதளத்தின் ஐகான்வ் என்னும் மாற்றி திஸ்கியை அறியும். விண்டோஸ் கணினி வைத்திருப்போர் தம் இயங்குதளத்தை மாற்றாமலே இதனைப் பயன்படுத்த மெய்நிகர் கணினி துணைசெய்கிறது. மெய்நிகர் கணினியாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயக்கப்படும் மற்றொரு கணினி. கனோனிக்கல் நிறுவனம் இலவசமாக வழங்கும் மல்டிபாஸ், உபுண்டு லினக்சு அமைந்த மெய்நிகர் கணினியைக் கட்டளை வரியிலிருந்து தொடங்கும் கருவியாகும்.

விண்டோஸின் புரோ பதிப்பில் இக்கருவி ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும். ஹோம் பதிப்பில் வர்ச்சுவல்பாக்ஸை முன்னரே நிறுவுதல் வேண்டும். லினக்சில் ஸ்நாப் வழி நிறுவலாம்.

பயன்படுத்தும் முறை

'லாஞ்ச்' கட்டளையுடன் பெயரையும் உபுண்டுப் பதிப்பெண்ணையும் தந்தால் புதிய கணினி உருவாகும். அளவு குறிப்பிடாவிடின் ஒரு செயலி, 1 ஜிபி நினைவகம், 5 ஜிபி வட்டு ஒதுக்கப்படும். உரைக்கோப்புகளுக்கு இவை போதும். 'டிரான்ஸ்ஃபர்' கட்டளையால் கோப்பை உள்ளே அனுப்பி, 'ஷெல்' கட்டளையால் அக்கணினிக்குள் நுழைந்து, ஐகான்வுக்கு மூலக் குறியேற்றம் திஸ்கி என்றும் இலக்கு யுடிஎஃப்-8 என்றும் தெரிவித்தல் வேண்டும். விளைந்த கோப்பை டிரான்ஸ்ஃபர் வழியே வெளியே எடுத்த பின்னரே கணினியை நீக்குதல் நலம். 'டெலீட்' செய்ததை மீட்கலாம். 'பர்ஜ்' செய்ததை மீட்க இயலாது.

சான்றாகும் சூழல்

சுவடிப் பதிப்பாசிரியர் தாம் ஒப்பிட்ட படிகளைக் குறிப்பிடுவதுபோல, கணினி வழி ஆய்வாளர் பனுவலைப் பதப்படுத்திய சூழலைக் குறிப்பிடுதல் கடன். 2018இல் வெளிவந்த கிளிப்சி 2.28 பதிப்பில் லினக்சின் அகரவரிசை விதிகள் பரவலாகத் திருத்தப்பட்டன. ஆகவே ஒரே சொற்பட்டியல் இருவேறு பதிப்புகளில் இருவேறு வரிசை பெறக்கூடும். உபுண்டுப் பதிப்பெண், கட்டளைகள், மூலக்கோப்பு ஆகிய மூன்றையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தந்தால், தஞ்சையில் உருவான சொல்லடைவை வேறோர் ஊரிலுள்ள ஆய்வாளர் அதே சூழலில் மீள உருவாக்கிச் சரிபார்க்கலாம்.

முடிவுரை

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருச் சார்ந்த குறியேற்றங்களை ஐகான்வ் அறியாது. அவற்றுக்குத் தனி மாற்றிகள் தேவை. உள்ளீட்டுப் பிழைகளையும் அது திருத்தாது. அச்சுப் பதிப்போடு ஒப்பிடுதல் ஆய்வாளரின் பொறுப்பாகவே நீடிக்கிறது. எனினும், மாற்றம் எச்சூழலில் நிகழ்ந்தது என்பதை மெய்நிகர் கணினி வெளிப்படையாக்குகிறது. அதனால் சொல் எண்ணிக்கை பற்றிய கூற்று, பிறர் சோதித்தறியத்தக்க சான்றாக உயர்கிறது.