தேதி போட்ட வாழ்க்கை – 9: அந்த வெள்ளிக்கிழமை

1987 ஜூன் 30-க்குள் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்த அக்கா இந்தியர், ஓராண்டு கழித்து அதே முகாமில் பிறந்த தம்பி அகதி. போன வாரக் கணக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நீண்டகால விசா பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தேதி வந்து சம்மணம் போட்டுவிட்டது: 2015 ஜனவரி 9.

முதலில் சட்டம். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்து மூன்று சட்டங்களும் 2000-இல் வந்த ஒன்றும் காலாவதி. பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூடவே வந்த விலக்கு ஆணையில் ஒரு வரி: 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இது பொருந்தாது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று மூன்று முகாம்கள். உயிர் தப்பிப் படகேறியவரிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கும் கொடுமை அங்கே ஒருவழியாக ஓய்ந்தது. குடியுரிமை வேறு கதை.

சரி, ஏன் ஜனவரி 9? முந்தைய நாள் இலங்கையில் அதிபர் தேர்தல். மகிந்த ராஜபக்ச தோற்றார். 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை மைத்திரிபால சிறிசேன பதவியேற்றார். இனி ஓடிவரக் காரணமில்லை என்று டெல்லியில் யாரோ கோடு கிழித்திருக்க வேண்டும். என் ஊகம்தான்.

ஆனால் அதே வெள்ளிக்கிழமை குஜராத்தின் காந்திநகரில் என்ன நடந்தது தெரியுமா? வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாவின் நிறைவு நாள். 1915 ஜனவரி 9 அன்றுதான் காந்தி தென்னாப்பிரிக்க வாழ்வை முடித்துக்கொண்டு பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். சரியாக நூறு வருடம்! இன்னும் கேளுங்கள். பி.ஐ.ஓ. அட்டைத் திட்டம் முடிந்து, அதை வைத்திருந்தவர்கள் எல்லாம் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களாகக் கருதப்பட்டதும் அதே 2015 ஜனவரி 9 முதல்தான். அயல்நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்த இந்திய வம்சாவளியினருக்கு ஆயுளுக்கும் விசா. ஒரு வாசலில் கோலம், இன்னொரு வாசலில் கோடு. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

அந்தக் காந்தி 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் என்ன செய்தார்? இந்தியர்களின் பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்த வைத்தார். முகாமிலோ ‘பதிவு’ என்ற ஒரு சொல்லில்தான் குடும்பமே நிற்கிறது.

1915 என்றதும் புதுக்கோட்டைக்காரன் புத்தி ராஜாவிடம் போகாமல் இருக்குமா? அந்த ஆண்டுதான் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் மெல்போர்னில் மாலி ஃபிங்க்கை மணந்தார். மறுவருடம் சிட்னியில் மகன் பிறந்தான். ஆஸ்திரேலியத் தாயின் பிள்ளை என்று வெள்ளைக்காரன் அவனுக்குப் பட்டம் தரவில்லை. எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வி அரண்மனையையும் விடவில்லை.

ராஜாவை விடுவோம். 2022 மார்ச்சில், பால் மாவுக்கும் பெட்ரோலுக்கும் இலங்கை தவித்தபோது, தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவர்கள் ஓடிவந்தது குண்டுக்குப் பயந்து அல்ல, பசிக்குப் பயந்து. ஆணையில் அவர்களுக்கு இடமில்லை.

அப்புறம் 2016-இல் அழியாநிலையில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அது கடல் தாண்டவில்லை, ‘தஞ்சம் புகவும்’ இல்லை. அறந்தாங்கியைத் தாண்டினாலே அதற்குப் பெரிய பயணம். அதை எந்தத் தேதியில் சேர்ப்பது? அம்மாவின் தேதியிலா, பிரசவ வார்டின் தேதியிலா?

ஆசிரியர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். நீண்டகால விசா அடுத்த வாரம், சத்தியமாக.

(தொடரும்)