வானில் எத்தனை மணி நேரம்? கம்ப்யூட்டரில் நீங்களே கணக்கிடலாம்

நியூயார்க்கில் செவ்வாய் இரவு 10.30க்குப் புறப்படும் விமானம், சிங்கப்பூரில் வியாழன் காலை 5.10க்குத் தரையிறங்குகிறது. "புதன் முழுக்கப் போன் வரவில்லையே" என்று என்னுடன் பணிபுரியும் நண்பரின் அம்மா தவித்துப்போனார். அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய முறையை நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்.

முதலில் தூரம். கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ரூலரைத் தேர்வு செய்யுங்கள். அளவு கிலோமீட்டரில் இருக்கட்டும். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஒரு கிளிக். மவுஸ் நேவிகேஷன் கட்டத்தில் டிக் இருந்தால் உருண்டையை இழுத்துச் சுழற்றலாம். அடுத்த கிளிக் சிங்கப்பூர் சாங்கியில். ஏறத்தாழ 15,340 கி.மீ. என்று வரும்.

கோடு போகும் வழியைக் கவனியுங்கள். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் அது ஆப்பிரிக்கா வழியாகப் போகும். உருண்டையிலோ வட துருவத்துக்கு மிக அருகில் போகிறது. இதுதான் மிகக் குறுகிய வழி.

அடுத்து நேரம். பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 15,340ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் நேரமாகும். மேலே வீசும் காற்றைப் பார்த்து, அன்றன்றைக்கு வேறு பாதையிலும் போவார்கள். எனவே கால அட்டவணையில் பதினெட்டரை முதல் 19 மணி நேரம் வரை போடுகிறார்கள்.

சரி, செவ்வாய் எப்படி வியாழன் ஆனது? எக்ஸெலில் ஒரு செல்லில் புறப்படும் தேதியையும் நேரத்தையும், அடுத்த செல்லில் சேரும் தேதியையும் நேரத்தையும் டைப் செய்யுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து 24ஆல் பெருக்குங்கள். விடை தேதியாகத் தெரிந்தால் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றுங்கள். 30.67 வரும். சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கை விடக் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னே ஓடுகிறது. இது கோடைக் காலப் பயணம். 12ஐக் கழியுங்கள். 18.67, அதாவது 18 மணி 40 நிமிடம்! திரும்பும் பயணத்தில் அதே 12ஐக் கூட்ட வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இந்த இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, உலகிலேயே மிக நீண்ட பயணிகள் விமானத் தடம் இதுதான். இத்தகைய தூரங்களுக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் சுமார் 18,000 கி.மீ. வரை பறக்க வல்லது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த முறை பறக்கும்போது, டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களை எக்ஸெலில் போட்டுவிடுங்கள். எப்போது போனை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிடும். அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம்.