இயந்திரம் படிக்கும் குறிப்புரை

நிலப் பதிவு அட்டவணை ஒன்றில், பரப்பளவுப் பத்தியில் 1.20 என்ற எண் காணப்படுகிறது எனக் கொள்வோம். அதன் பொருள் யாது? சென்ட் கணக்கில் பழகிய தமிழர் அதனை ஓர் ஏக்கர் இருபது சென்ட் என்பார். நூறு சென்ட் ஓர் ஏக்கராதலால், தசம எண்ணாகக் கொண்டாலும் பிழை நேராது. கர்நாடகத்திலோ அது ஓர் ஏக்கர் இருபது குண்டாவைக் குறிக்கக்கூடும். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். ஆகவே அந்நிலம் ஒன்றரை ஏக்கராகும்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக வருவாய்த் துறை, தேசியத் தகவலியல் மையத்தின் துணையுடன் 'பூமி' என்னும் திட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிப் பேணிவந்த, ஏறத்தாழ 67 லட்சம் உடைமையாளர்களுக்குரிய 2 கோடிப் பதிவுகள், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. பஹணி எனப்படும் சான்றில் நிலப்பரப்பு ஏக்கர், குண்டாவிலேயே குறிக்கப்படுகிறது. கணக்கருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏடு கணிப்பொறிக்குள் சென்றபோது எண் மட்டுமே சென்றது. கணக்கரின் அறிவு உடன் செல்லவில்லை.

இக்காலத்தில் தரவுத்தளங்களை வினவுவதற்குச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பயன்படுகின்றன. இத்தகைய முகவர் அட்டவணைகளை நேரே காண்பதில்லை. அதற்குச் சில கருவிகள் தரப்படுகின்றன: ஒன்று அட்டவணைகளின் பெயர்களைச் சொல்லும், மற்றொன்று குறித்த அட்டவணையின் பத்திகளைக் காட்டும், வேறொன்று வினாவை நிறைவேற்றி விடை கொணரும். 2024 நவம்பரில் வெளியான 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறியின்படி, ஒவ்வொரு கருவிக்கும் பெயரும், விளக்கக் குறிப்பும், உள்ளீட்டின் அமைப்பும் எழுதப்படுகின்றன. எக்கருவியை எப்போது எடுப்பது என்பதை முகவர் இவற்றைப் படித்தே தீர்மானிக்கிறது. அயலாரைக் கேட்டறியும் வழக்கம் அதற்கு இல்லை. குறிப்பில் இல்லாததை அது ஊகித்துக் கொள்ளும். அந்த ஊகத்தைத் தயக்கமின்றிச் சொல்லவும் செய்யும்.

'நில அட்டவணை விவரம் தரும்' என்று ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதினால் அது போதுமா? ஒருவருக்கு 1.20, 1.30 என இரு நிலங்கள் உள்ளன. முகவர் கூட்டி 2.50 ஏக்கர் என்று விடையளிக்கும். உண்மையில் அது 3 ஏக்கர் 10 குண்டா. முக்கால் ஏக்கர் நிலம் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது! கடனோ இழப்பீடோ இவ்விடையைக் கொண்டு முடிவாகுமாயின், துன்புறுபவர் குடியானவரே.

அக்குறிப்பைப் பின்வருமாறு எழுதலாம்: 'ஓர் அட்டவணையின் பத்திப் பெயர்களையும், ஒவ்வொன்றின் பொருளையும், அலகையும் தரும், பதிவுகளைத் தராது. அட்டவணையின் பெயர் தெரியாவிடில் முதலில் பெயர்ப்பட்டியல் கருவியை உபயோகிக்க. பரப்பளவுப் பத்தியில் புள்ளிக்கு முன் ஏக்கர், பின் குண்டா. கூட்டுமுன் எல்லாவற்றையும் குண்டாவாக்குக. வெற்றிடம் என்பது அளக்கப்படவில்லை என்பதாம், பூஜ்யம் அன்று.'

இதிலிருந்து நான்கு விதிகள் பெறப்படும். கருவி எதைத் தரும் என்பதோடு எதைத் தராது என்பதையும் கூறுக. ஒத்த கருவிகள் இரண்டிருப்பின் அவற்றின் வேறுபாட்டைக் காட்டுக. அலகு, குறியீடு, வெற்றிடம் ஆகியவற்றின் பொருளை வெளிப்படையாக எழுதுக. விடை கிடைக்காதபோது அடுத்துச் செய்ய வேண்டுவதைச் சொல்க. சுருக்கம் நன்றே, ஆயினும் பொருளைச் சுருக்குதல் தகாது.

இக்குறிப்புகளை நிரலர் மட்டும் எழுதினால் நிறைவு பெறா. குண்டாவையும் சென்ட்டையும் அறிந்தவர் களப்பணியாளரே; அவர் அருகிருந்து சொல்ல, நிரலர் எழுதுவதே முறையாகும். ஆசிரியர்களும் இதனை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அட்டவணைக்கு ஒரு மாணவர் குறிப்பு எழுதட்டும். அந்த அட்டவணையை முன்பின் அறியாத மற்றொரு மாணவர், எவரையும் வினவாமல் அக்குறிப்பைக் கொண்டே கணக்கிடட்டும். அவர் எவ்விடத்தில் தயங்குகிறாரோ அவ்விடத்தில் ஒரு வாக்கியம் குறைகிறது. மாணவர் தயங்குவார், இயந்திரம் தயங்காது. எனவே அவ்வாக்கியத்தை முன்னதாகவே எழுதிவிடுதல் நம் கடமையாகும்.