மீன் தொட்டியில் நீர்முள்ளியின் உறவு

தாணேயின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டம் போட இடமில்லை. மீன் தொட்டிக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. ஆயினும் தொட்டி வாங்குவோரில் பலர் நெகிழிச் செடிகளோடு நின்றுவிடுகின்றனர். உயிருள்ள செடிக்குக் கரியமில வாயு உருளையும் விலையுயர்ந்த விளக்கும் வேண்டும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். இவை இரண்டும் இல்லாமலே வளரும் தண்டுச் செடி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு.

ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா என்பது அதன் பெயர். சித்த மருத்துவத்தில் பயன்படும் நீர்முள்ளி இதே பேரினத்தைச் சேர்ந்தது. இதற்கோ முள் இல்லை. ஓடைக் கரைகளிலும் ஈர நிலங்களிலும், மழைக்காலத்தில் நீருள் மூழ்கியும் நீர் வற்றியபின் வெளியே நிமிர்ந்தும் வாழும் இயல்புடையது. எதற்கும் இசைந்துகொடுக்கும் அந்த இயல்பே நமக்கு வசதி.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குல உயரத்திற்குக் கழுவிய சிறுமணல் பரப்புக. குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். கடையில் கட்டாகத் தரும் தண்டுகளைப் பிரித்து, அடிக்கணுக்கள் இரண்டின் இலைகளை நீக்கி, இரு விரல் இடைவெளியில் தனித்தனியே ஊன்ற வேண்டும். கட்டோடு ஊன்றினால் நடுத்தண்டுகள் அழுகும். சாதாரண எல்இடி விளக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சன்னல் வெயில் வேண்டாம். செடியைவிடப் பாசியே அதில் கொழுக்கும்.

முதல் இரண்டு வாரங்களில் பழைய இலைகள் கரைந்து உதிரக்கூடும். செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிவோர் உண்டு. பொறுத்திருக்க வேண்டிய கட்டம் அது. பண்ணைகளில் இதனைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கின்றனர். காற்றில் வளர்ந்த தடித்த இலைகள் உதிர்ந்து, நீருக்கேற்ற மெல்லிய இலைகள் நுனியிலிருந்து வரும். பின்னர் இலைகளில் ஊசித்துளைகள் தோன்றினால், பெரும்பாலும் அது பொட்டாசியக் குறைவு. நீர்ச்செடிகளுக்கான உரம் சிறிதளவு இட்டால் புதிய இலைகள் துளையின்றி வரும். துளைபட்டவை அப்படியேதான் இருக்கும்.

தண்டு நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டுக. வெட்டிய நுனியை ஊன்றினால் புதுச்செடி. அடித்தண்டிலோ பக்கக் கிளைகள். வணிகவியல் படித்தவனுக்குக் கூட்டு வட்டி நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் இங்கே முதிர்வுத் தேதி கிடையாது. சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். மிஞ்சியதை என்ன செய்வது?

தாணே ஏரிகளின் நகரம். மாசுந்தா, உப்வன் எனக் கைக்கெட்டும் தொலைவில் நீர்நிலைகள் இருப்பதால், மிஞ்சிய செடியை அங்கே விடுவது புண்ணியமாகக்கூடத் தோன்றும். பள்ளி ஆய்வகத்தில் ஒளிச்சேர்க்கைக்காக நாம் பார்த்த ஹைட்ரில்லாவின் கதையைக் கேளுங்கள். 1950களில் மீன் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்ற அது, கால்வாய்க்குள் புகுந்து, ஏரிகளை மூடியது. அதனைக் கட்டுப்படுத்த அம்மாநிலம் கோடிக்கணக்கான டாலர்களைச் செலவிட்டுள்ளது. நம் ஹைக்ரோபிலாவும் அந்நாட்டின் தடைசெய்யப்பட்ட களைப் பட்டியலில் உள்ளது. 2020இல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி நீர்நிலையை இளஞ்சிவப்பாக மாற்றிய கபோம்பா பூக்களைக் காணக் கூட்டம் திரண்டது. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த தொட்டிச் செடியே.

ஹைக்ரோபிலா நம் மண்ணுக்கு உரியதாயிற்றே எனலாம். ஆனால் அதன் வேரிடுக்கில் அயல்நாட்டு நத்தையின் முட்டையோ வேறொரு செடியின் துணுக்கோ ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. என்னைப் போல் இடமாற்ற உத்தரவோடு வாழ்பவர்கள் வீடு காலி செய்யும் வாரத்தில்தான் இத்தவறு எளிதாக நேர்கிறது. மீன்களைத் தொட்டியோடு நண்பருக்கோ கடைக்கோ கொடுத்துவிடலாம். வெட்டிய தண்டுகளைச் செய்தித்தாளில் பரப்பி மொறுமொறுவெனக் காயவிட்டு, துளசித் தொட்டியின் மண்ணில் கலந்துவிடலாம். கழுவுதொட்டியிலோ கழிவறையிலோ போடலாகாது. மழை மாதங்களில் மட்டும் காய்வதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும்.