போரும் பரப்புரையும் – 9: வகுப்பறையில் ஏழு அடையாளங்கள்

போர்க்காலப் பரப்புரையை இனங்காண மாணவர்களைப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு பாடமுறையாகத் திரண்டது அமெரிக்காவில், 1937ஆம் ஆண்டின் இறுதியில். முதல் உலகப்போரின்போது தாம் நம்பியவற்றுள் எத்தனை செய்திகள் திட்டமிட்டு நம்பவைக்கப்பட்டவை என்பதை ஒரு தலைமுறை கசப்புடன் அறிந்து முடித்திருந்த காலம் அது. அடுத்த போருக்கான ஆயத்தங்கள் ஐரோப்பாவில் வெளிப்படையாகவே நடந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அந்தப் பாடமுறை என்ன கற்பித்தது, எதைக் கற்பிக்கத் தவறியது என்பதை இவ்வாரப் பகுதி ஆராய்கிறது.

பரப்புரை என்ற சொல் இங்கு எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘புரோபகாண்டா’ என்ற சொல், கத்தோலிக்கச் சமயத்தைப் பரப்புவதற்காகத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1622இல் ரோமில் நிறுவிய சபையின் பெயரிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அதில் இழிபொருள் ஏதும் இல்லை. தமிழில் ‘பிரச்சாரம்’ என்ற சொல் தேர்தலுக்கும் தடுப்பூசிக்கும் மதுவிலக்குக்கும் பொதுவாக வழங்குவதுபோலவே அதுவும் வழங்கிவந்தது. முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒரு முடிவுக்கு மக்களைக் கொண்டுசேர்க்கும் நோக்கத்துடன், கூறுவது யார், எதற்காக என்பதைப் பெரும்பாலும் மறைத்து, திட்டமிட்டுச் செய்யப்படும் கருத்துப் பரப்பலையே இத்தொடர் பரப்புரை என்கிறது. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திறமையான பரப்புரையில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும் என்பதுதான் அதை ஆராய்வதில் உள்ள முதல் இடர்ப்பாடு.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் இந்தப் பாடத்துக்கு வந்த வழி விசித்திரமானது. பரப்புரையை இனங்காணக் கற்பிப்பதற்கு முன் அவை பரப்புரை செய்யும் இடங்களாக இருந்தவை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கிய சில நாள்களிலேயே அதிபர் உட்ரோ வில்சன், பத்திரிகையாளர் ஜார்ஜ் கிரீல் என்பவரின் தலைமையில் பொதுத்தகவல் குழு ஒன்றை அமைத்தார். திரைப்படக் கொட்டகையில் சுருள் மாற்றும் இடைவெளியில் எழுந்து நின்று நான்கு நிமிடம் பேசி அமரும் தன்னார்வப் பேச்சாளர்கள் ஏறத்தாழ 75,000 பேரை நாடெங்கும் அக்குழு களமிறக்கியது. ‘நான்கு நிமிடக்காரர்கள்’ என்று பெயர்பெற்ற அவர்களின் இளையோர் பிரிவாகப் பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டு, போர்ச் சேமிப்பு முத்திரை வாங்குவதன் அவசியம் போன்ற தலைப்புகளில் பேச்சுப்போட்டிகள் நடத்தப்பட்டன. 1918 செப்டம்பர் முதல் ஆசிரியர்களுக்கென்றே ஓர் இதழும் வெளியிடப்பட்டது. எந்த வகுப்பில் போரைப் பற்றி எதை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அது வகுத்துக் கொடுத்தது. ஜெர்மன் மொழி கற்பிப்பதைப் பல மாநிலங்கள் தடைசெய்தன. கிரீலே பின்னர், 1920இல், அமெரிக்காவைத் தாம் எப்படி விளம்பரம் செய்தோம் என்று பெருமையுடன் ஒரு நூல் எழுதினார்; அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1937 அக்டோபரில் நியூயார்க்கில் பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் தோன்றியது. பாஸ்டன் நகரின் பெருவணிகரான எட்வர்ட் ஃபைலீன் அதற்கு முதல் நிதியை ஏற்பாடு செய்துவிட்டு, அது செயல்படத் தொடங்குவதற்குள் காலமானார். அதை நடத்தியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர். அவரது முன்வரலாறு கவனத்துக்குரியது. 1918 ஜூனில் சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ், ஒஹாயோ மாநிலத்தின் கேண்டன் நகரில் போருக்கு எதிராக ஆற்றிய உரையைக் கிளீவ்லாந்து நாளேடு ஒன்றின் நிருபராகச் சென்று எழுதியவர் இந்த மில்லரே. அவ்வுரைக்காக டெப்ஸ்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக நின்றவரும் அவரே. டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பரப்புரையின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை மில்லருக்கு இருந்திருக்காது.

நிறுவனம் தன் மாத இதழில், 1937 நவம்பரில், பரப்புரையாளர்கள் கையாளும் உத்திகளை ஏழாக வகுத்துத் தந்தது. எதிரிக்கு இழிபெயர் சூட்டி, சான்று பார்க்காமலேயே வெறுக்கச் செய்வது ஒன்று. விடுதலை, தாயகம், அறம் போன்று எவராலும் மறுக்க முடியாத பளபளப்பான பொதுச்சொற்களைப் போர்த்தி, பொருளை ஆராயாமலேயே ஏற்கச் செய்வது இரண்டாவது. கொடி, சிலுவை, அன்னையின் உருவம் ஆகியவற்றின் மதிப்பை வேறொன்றின்மேல் ஏற்றுவது மூன்றாவது. புகழ்பெற்றவரின் பரிந்துரை, ‘நானும் உங்களில் ஒருவன்’ என்னும் எளிமை வேடம், சாதகமான சீட்டுகளை மட்டும் மேலே வைத்து அடுக்கும் தந்திரம், ஊரே அந்தப் பக்கம் போகிறது என்று காட்டி ஊரோடு ஒத்துப்போகத் தூண்டுவது ஆகியவை எஞ்சியவை. 1939இல் ஆல்ஃபிரட் லீ, எலிசபெத் லீ தம்பதியர் தொகுத்து நிறுவனம் வெளியிட்ட நூல், மிச்சிகனிலிருந்து வானொலி வழியே யூத வெறுப்பைப் பரப்பிவந்த காஃப்லின் என்ற பாதிரியாரின் உரைகளை எடுத்துக்கொண்டு, உத்தி வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறியை அச்சிட்டது: இழிபெயருக்குக் கவிழ்த்த கட்டைவிரல், பளபளப்புச் சொல்லுக்கு மணிக்கல், மதிப்பேற்றத்துக்கு முகமூடி, எளிமை வேடத்துக்குப் பழைய செருப்பு, அடுக்கிய சீட்டுக்கு ஏஸ் சீட்டு. பக்கத்தைப் புரட்டும் மாணவனுக்கு, வாதத்தைப் படிப்பதற்கு முன்பே வாதத்தின் கட்டுமானம் கண்ணில் பட்டுவிடும். கற்பிக்கும் கருவி என்ற அளவில் இது அபாரமான யோசனை.

முதல் உத்திக்கு 1914–18 காலத்தில் எடுத்துக்காட்டுகள் ஏராளம். ஜெர்மானியரை ‘ஹூணர்’ என்று நேசநாட்டுப் பத்திரிகைகள் அழைத்தன. அச்சொல்லை அவற்றுக்கு எடுத்துக்கொடுத்தவர் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியமே என்பதும், 1900இல் சீனாவுக்குப் புறப்பட்ட படைகளிடம் ஹூணரைப்போல் அஞ்சத்தக்க பெயர் எடுக்குமாறு அவர் பேசியதன் விளைவு அது என்பதும் வரலாற்றின் குறும்பு. அமெரிக்காவில் புளித்த முட்டைக்கோஸுக்கு வழங்கிய ஜெர்மன் பெயரைக் கைவிட்டு, ‘விடுதலை முட்டைக்கோஸ்’ என்றார்கள். இது சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம்; ஆனால் அதே சூழலில்தான் 1918 ஏப்ரலில் இலினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் நகரில், ஜெர்மனியில் பிறந்த ராபர்ட் பிரேகர் என்ற தொழிலாளியைக் கும்பல் ஒன்று மரத்தில் தூக்கிலிட்டது; வழக்கு விசாரணையில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். பெயர் சூட்டல் எப்போதும் சூட்டுகிறவர் நினைத்த வழியில் போவதில்லை என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் பெயர் தமிழில் வசைச்சொல்லாகவில்லை; எவரையும் ஏய்க்கத் தெரிந்த கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாக, பாதி வியப்புடனேயே, பேச்சுவழக்கில் தங்கிவிட்டது.

சுவரொட்டிகள் மாணவர்களுக்குக் கற்பிக்க ஏற்றவை. ஆனால் அவற்றின் வாசகத்தோடு நின்றுவிடாமல் படத்தைப் படிக்கப் பழக்க வேண்டும். சாவில் லம்லி வரைந்து 1915இல் பிரிட்டனில் வெளியான புகழ்பெற்ற சுவரொட்டியில், சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் தந்தையின் மடியிலிருக்கும் மகள், பெரும்போரில் அவர் என்ன செய்தார் என்று கேட்கிறாள்; காலடியில் மகன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருக்கிறான். பார்த்தவர்கள் உடனே உணர்வது படைக்குப் போகாதவனின் வெட்கத்தை. அதைவிட நுட்பமான ஒன்று படத்துக்குள் இருக்கிறது. முடிவு எவருக்கும் தெரியாத 1915இல் வரையப்பட்ட அந்தப் படத்தில் போர் ஏற்கெனவே முடிந்துவிட்டது, வீடு அமைதியாக இருக்கிறது, தந்தை கை கால் இழக்காமல் உயிரோடு இருக்கிறார். வெற்றியையும் உயிர்பிழைப்பையும் உறுதியான செய்திகளாக வைத்துவிட்டு, வெட்கத்தை மட்டும் கேள்வியாக அப்படம் முன்வைக்கிறது. ஏழு குறிகளில் எதை இதன்மேல் ஒட்டினாலும் இந்த நுட்பம் பிடிபடாது.

ஏழினுள் உண்மையில் கடினமானது சீட்டடுக்கும் உத்திதான். ஏனென்றால் மற்ற ஆறும் சொல்லப்பட்டதில் தென்படும், இது சொல்லாமல் விடப்பட்டதில் ஒளிந்திருக்கும். பிரிட்டன் போரை அறிவித்த மறுநாள், 1914 ஆகஸ்ட் 5 அதிகாலையில், ஜெர்மனியை வெளியுலகோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பிகளைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று வெட்டியது. அதன்பின் அமெரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பியச் செய்திகளில் பெரும்பகுதி லண்டன் வழியாக, லண்டனின் தணிக்கையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. செப்டம்பரில் சார்லஸ் மாஸ்டர்மன் தலைமையில் லண்டனின் வெலிங்டன் இல்லத்தில் பரப்புரைச் செயலகம் ஒன்று இரகசியமாகத் தொடங்கப்பட்டது. ஆர்தர் கோனன் டாயில், எச். ஜி. வெல்ஸ், தாமஸ் ஹார்டி முதலிய எழுத்தாளர்கள் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டனர்; அது தயாரித்த நூல்கள் வணிகப் பதிப்பகங்களின் பெயரில் வெளிவந்ததால், அரசின் கை அவற்றில் இருப்பது வாசகர்களுக்குத் தெரியவில்லை. இவற்றைப் படித்த அமெரிக்கர் ஒருவர் எவ்வளவு கூர்மையான அறிவுடையவராக இருந்தாலும், அவர் கையிலிருந்த தாளை மட்டும் ஆராய்ந்து வெட்டப்பட்ட கம்பியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

1915 மே 12 அன்று வெளியான பிரைஸ் குழுவின் அறிக்கை இதன் அடுத்த படி. பெல்ஜியத்தில் ஜெர்மன் படைகள் இழைத்ததாகக் கூறப்பட்ட கொடுமைகளை விசாரித்த அக்குழுவின் தலைவர் பிரைஸ் பிரபு, முன்பு வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்து அமெரிக்கர்களின் நன்மதிப்பைப் பெற்ற அறிஞர். 1,200க்கு மேற்பட்ட வாக்குமூலங்களை அக்குழு பயன்படுத்தியது. ஆனால் சாட்சிகள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை, குழு உறுப்பினர்கள் அவர்களை நேரில் விசாரிக்கவும் இல்லை. 1,198 பேர் உயிரிழந்த லூசிடானியா கப்பல் மூழ்கடிப்புக்கு ஐந்தே நாள் கழித்து வெளிவந்ததால், அறிக்கையை எதிர்த்துக் கேள்வி கேட்கும் மனநிலையில் அமெரிக்கப் பத்திரிகைகள் இருக்கவில்லை. போருக்குப் பின் அதன் கதைகள் பல ஆதாரமற்றவை என்று தெரியவந்தது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சியது பிணத் தொழிற்சாலைக் கதை. போர்முனைக்குப் பின்னால் இறந்த விலங்குகளை உருக்கிக் கொழுப்பெடுக்கும் நிலையம் ஒன்றைப் பற்றி ஜெர்மன் பத்திரிகை ஒன்று 1917 ஏப்ரலில் எழுதியது. அதிலிருந்த ‘கடாவர்’ என்ற சொல் ஜெர்மனில் விலங்கின் உடலைக் குறிப்பது. லண்டன் நாளேடுகள் அதை மனித உடலாக்கி, ஜெர்மானியர் தம் சிப்பாய்களின் பிணங்களையே உருக்குவதாகச் செய்தி வெளியிட்டன. 1925 டிசம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின், இக்கதைக்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். மூன்றாண்டுகள் கழித்து ஆர்தர் பான்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்து வெளியிட்ட நூலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அதன்பின் கொடுமை பற்றிய செய்தி என்றாலே பொய் என்று முடிவுகட்டுவது படித்தவர்களின் அடையாளமாகிவிட்டது.

இங்குதான் அப்பாடமுறையின் குறை வெளிப்படுகிறது. பிரைஸ் அறிக்கையின் கதைகள் பல பொய்யாக இருந்தாலும், பெல்ஜியத்தில் நடந்த படுகொலைகள் பொய்யல்ல. 1914 ஆகஸ்ட் 23 அன்று தீனான் நகரில் மட்டும் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதற்கு இரண்டு நாள் கழித்து லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. ஜான் ஹார்ன், ஆலன் கிரேமர் ஆகிய வரலாற்றாசிரியர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு, போரின் முதல் மாதங்களில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஜெர்மன் படைகளால் கொல்லப்பட்ட பொதுமக்கள் ஏறத்தாழ 6,500 பேர் எனக் கணக்கிடுகிறது. உத்தியை இனங்காண்பது வேறு, செய்தி உண்மையா என்று சோதிப்பது வேறு. உண்மைச் செய்தியையும் இழிபெயரோடும் கொடியோடும் சொல்ல முடியும். பொய்யை எந்த அலங்காரமும் இல்லாமல் அலுவலக நடையில் சொல்ல முடியும். குறி ஒட்டக் கற்ற மாணவனுக்கு முதல் வேலை மட்டுமே பழகியிருந்தது. யார் கண்டார், அவர் அங்கு இருந்தாரா, வேறு வழியில் இது உறுதிப்படுகிறதா, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, எது மறுக்கப்படவில்லை என்னும் கேள்விகள் பொறுமையும் நூலகமும் வேண்டுபவை. ஒரு பாடவேளைக்குள் அடங்கமாட்டா. ஒரே நாளில் இரு நாட்டு நாளேடுகள் வெளியிட்ட ஒரே நிகழ்வின் செய்தியை அருகருகே வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளை மாணவர்களே பட்டியலிடும் பயிற்சி, ஏழு குறிகளையும் மனப்பாடம் செய்வதைவிடப் பயன்தரும்.

நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ளக் காலம் இடம்கொடுக்கவில்லை. 1941இல் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் பார்வை அதன்மேல் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதும், சொந்த அரசின் பரப்புரையையும் விருப்புவெறுப்பின்றி ஆராய வேண்டிய நிலை உருவானது. அது போர்முயற்சிக்கு ஊறு என்று கருதப்படும் என உணர்ந்த நிறுவனம், 1942 ஜனவரியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பாடம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் பாடசாலை மூடப்பட்டது.

சந்தேகம் மட்டும் மூடப்படவில்லை. 1943 ஆகஸ்டில், போலந்தில் ஜெர்மானியர் இழைக்கும் குற்றங்களைக் கண்டித்து பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டறிக்கை தயாரித்தபோது, நச்சுவாயு அறைகளில் மக்கள் கொல்லப்படுவதும் வரைவில் இடம்பெற்றிருந்தது. பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் விக்டர் கேவண்டிஷ்-பெண்டிங்க் அதை நம்பவில்லை. இக்கதைகள் சென்ற போரில் மனித உடலைக் கொழுப்பாக்கியதாகச் சொல்லப்பட்ட பொய்யைத் தமக்கு நினைவூட்டுவதாகக் கோப்பில் எழுதினார். வெளியிடப்பட்ட அறிக்கையில் நச்சுவாயு அறைகளைப் பற்றிய அந்தப் பகுதி இல்லை.